சொந்தப் பெயரில் அனுப்புங்கள்

– ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நல்லசாமி அண்ணன் தவறிட்டாருன்னு எங்க குழுவுல யாருக்குமே தெரியாது. இன்னிக்கு அவரைப் பாக்கத்தான் அம்பாங்கான்லேருந்து வந்தேன்.

– யாருகிட்டன்னு சொல்றது தம்பி? இர்ஃபான்னு உங்க பேர எழுத்துல பாத்திருக்கேன். ஆளு யாரு, எந்த ஊருன்னு தெரியாதுலா. உக்காருங்க. போர்டிக்சன்ல டயாலிசிஸ் முடிச்சிட்டு இங்க புக்கிட் பெலண்டோக் திரும்பற வழியில, கார்லயே என் வீட்டுக்காரரு நெஞ்ச புடிச்சிக்கிட்டாரு. நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன்.

– அவருகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்கா. பேசிக்கலி, நாங்க நடத்தறது ஒரு சின்ன ஆப். கிட்னி கெட்டவங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சோம்னு குறிச்சு வைக்கறது. அதோட புரோகிராம் கோட் எல்லாருக்கும் தெறந்து கெடக்கும். யாரு வேணும்னாலும் திருத்தி அனுப்பலாம். நாங்க நாலு பேரு பாத்துச் சேப்போம்.

– தெரியும் தம்பி. ஊசி குத்திக் குத்தி அவருக்குக் கை மரத்துப்போச்சு. அவரு சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிப்பேன். தோட்டத்து ஆபீஸ்ல பதினாறு வருசமா கணக்கெழுதற கிராணி வேலை பாக்கறேன். புரியாட்டி கேப்பேன், விளக்குவாரு. உங்க ஆப்புல மில்லி லிட்டர்லதான் போடணும். நம்ம ஆளுங்க மங்குல, கோப்பையில குடிக்கிறவங்க, அவங்களுக்கு மில்லி என்னா தெரியும்? டயாலிசிஸ் சென்டர்ல பக்கத்துக் கட்டில் மயிலம்மாள் அக்கா தப்புத் தப்பாப் போட்டு, உடம்புல தண்ணி ஏறி, மூச்சு முட்டி வார்டுல கெடந்துச்சு. அதைப் பாத்துட்டு வந்துதான், எத்தனை மங்குன்னு போட்டா மில்லியா மாத்தற கணக்கை எழுத ஆரம்பிச்சாரு.

– அதைத்தான் தீபாவளிக்கு முந்தி அனுப்பினாரு. நாப்பது ஃபைல், ஒரே மூட்டையா. பேசிக்கலி, அப்படி வந்தா எங்களால சோதிக்க முடியாதுக்கா. நான் ஒரே ஒரு வரி எழுதினேன், ‘எப்படி அனுப்பணும்னு படிச்சிட்டு அனுப்புங்க’ன்னு. எழுதிட்டு, சேக்காமலே மூடிட்டேன்.

– மூணு நாளா அந்த விளக்கத்தைத் தேடினாரு. எங்க இருக்கு, எங்க இருக்குன்னு.

– எங்கயும் இல்லக்கா. அப்படி எதையும் நாங்க எழுதியே வைக்கல.

– இல்லியா?

– எல்லாம் எங்க தலைக்குள்ளதான் இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். வேற ஆளா இருந்தா கோவிச்சிக்கிட்டுப் போயிருப்பாங்க. அண்ணன் மார்ச்சுல திரும்ப வந்தாரு. சின்னச் சின்னதா ஆறு திருத்தமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் பணிவா ஒரு கேள்வி, இதுல எந்த வரி தப்பு, ஏன் தப்புன்னு. ஒவ்வொண்ணையும் திருப்பி அனுப்பினோம், ஒவ்வொண்ணையும் சரி பண்ணி அனுப்பினாரு. போன மாசம் ஆறையும் சேத்துட்டோம். அவருக்குப் பதில் எழுதி எழுதித்தான், எப்படி அனுப்பணும்ங்கற விதிமுறையே உருவாச்சு. இனிமே புதுசா வர்றவங்க அனுப்பறத அவரே பாத்துச் சரி சொல்லணும்னு கேக்க நெனச்சேன்.

– என்னா எழுதியிருக்கீங்க? படிங்களேன்.

– ‘ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். அதை எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். ஏழு நாளுக்குள் எங்களிடமிருந்து பதில் வரும். திருப்பி அனுப்பினால் காரணத்தையும் சொல்வோம்.’ இது அண்ணனுக்காகவே போட்டது. அப்புறம், ‘நீங்களே எழுதியதை மட்டும், சொந்தப் பெயரில் அனுப்புங்கள். வேறொருவர் பெயரில் அனுப்பியது தெரிந்தால் நீக்கிவிடுவோம்.’

– அது எதுக்கு தம்பி?

– உசுரு சம்பந்தப்பட்டதுக்கா. நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, எழுதினவங்க யாருன்னு தெரியணும். அதுல மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

– ஏற்கெனவே சேத்ததுக்கும் இது உண்டா?

– எல்லாத்துக்கும் உண்டு.

– அப்ப நான் சொல்லித்தான் ஆகணும். அவரு தவறினது தைப்பூசத்துக்கு மொத நாளு.

– தைப்பூசமா? அப்ப மார்ச்சுல வந்தது...

– நான்தான். ஆறும் நான்தான். அவரோட நாப்பது ஃபைல ஒரு பக்கமா வச்சிட்டு, மொதல்லேருந்து நானே எழுதினேன். சனி, ஞாயிறு பூரா அதுதான் வேலை.

– நல்லா எழுதியிருந்தீங்கக்கா. உங்க பேர்லயே அனுப்பியிருக்கலாமே.

– அவரு லாகின் தெறந்து இருந்துச்சு, மொத தடவ அப்படியே அனுப்பிட்டேன். மறுநாளு உங்க பதில் வந்துச்சு. ‘நல்லசாமி அண்ணே, எப்படி இருக்கீங்க, ரொம்ப நாளா காணோமே’ன்னு ஆரம்பிச்சிருந்தீங்க. கருமாதி முடிஞ்சதுலேருந்து இந்த வீட்டுல அவரு பேரை யாரும் எடுக்கறதில்ல தம்பி. நான் அழுதுருவேன்னு பயம். நீங்க ஒருத்தருதான் அவருகிட்டப் பேசினீங்க. திரும்ப அனுப்பினா திரும்பப் பேசுவீங்க.

– உங்க பேருக்கு மாத்திடலாம்கா. நீங்கதான் எழுதினீங்கன்னு ஒரு உறுதி குடுத்தா போதும், எதையும் நீக்க வேணாம். ஆனா அந்த ஆறுலேருந்தும் அண்ணன் பேரை எடுக்கணும். அவரு லாகினையும் மூடணும்.

– மூடினா?

– அதுக்கப்புறம் அந்தப் பேருக்கு யாரும் எதுவும் எழுத முடியாது.

– சென்டர்ல ஒம்பது பேரு அந்தக் கணக்கை நம்பித்தான் தண்ணி குடிக்கிறாங்க. அதை எடுக்கக்கூடாது. குமுதவல்லின்னு போட்டுக்குங்க.

– சரிக்கா.

– மூடறதுக்கு முன்னாடி கடைசியா அவருக்கு ஒண்ணு எழுதுங்க தம்பி. திருத்தம் நல்லா இருக்குன்னு எழுதுங்க. செத்துட்டாருன்னு மட்டும் அதுல போட்றாதீங்க.