நான் போட்ட லைக்

ஆமாங்க மேடம், நான் போட்டதுதான். வூட்டுல கொழந்த கிழந்த அமுக்கிடுச்சுன்னு சொல்லிடுன்னு சூப்பர்வைசரம்மா சொல்லிக் குடுத்தாங்க. எதுக்குங்க பொய்யி? பேஸ்புக்ல அந்தப் போட்டோவுக்கு லைக் போட்டது சாட்சாத் இந்தச் சுமலதாதான், மலையடிவாரத்து அங்கன்வாடி டீச்சரு. எழுதிக்குங்க.

சர்க்குலரா? படிச்சுக் கையெழுத்தே போட்டேனுங்க. அரசாங்க வேல பாக்கறவங்க கொற சொல்லி எழுதக்கூடாது, அடுத்தவன் எழுதுனத ஷேர் பண்ணக்கூடாது, லைக்கும் போடக்கூடாது. எல்லாம் தெரியுங்க.

எழுதுனவரா? எங்கூட்டுக்காரருதாங்க, ஊராட்சி செயலரு. நீங்க இந்த மாசந்தான் தருமபுரிக்கு மாறி வந்தீங்களாம், உங்களுக்கு எங்க தெரியப்போவுது. அவரையும் வரச் சொல்லுங்கறீங்களா? இருங்க மேடம், சொல்றேன்.

மலை மேல ரங்கம்மாள்னு ஒரு புள்ள, நெறமாசம். ரோட்டுக்கு ஜல்லியக் கொட்டி உட்டுட்டு காண்ட்ராக்டரு பில்லு வாங்கிட்டுப் போயிட்டான். ஆம்புலன்ஸு அடிவாரத்துலயே நின்னுக்கிச்சு. புடவையில தூளி கட்டித் தூக்கியாந்தாங்க. பாதி வழியிலயே பிரசவம். கொழந்த தங்கல. இவரு மனசு கேக்காம போட்டோவப் போட்டு, காயிதத்துல ரோடு இருக்குது, மலையில எங்கய்யா இருக்குதுன்னு ரெண்டு வரி எழுதிட்டாரு. அவ்ளோதாங்க செஞ்ச குத்தம்.

நானும் திட்டுனேன். ஏங்க, மத்த செயலருங்க எல்லாம் வாய மூடிக்கிட்டு இல்லியா, உங்களுக்கு மட்டும் என்னா வந்துச்சுன்னு கத்துனேன். கண்ணால பாத்தவன் நானு, நானே சொல்லலன்னா வேற எவன்டி சொல்லுவான்னாரு. அந்த வாரமே மெமோ வந்துடுச்சு. ஆதாரம் காட்டு, இல்லாட்டி மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு. தெனம் கூட டீ குடிச்சவனுங்க இவரப் பாத்தா எழுந்து போனானுங்க. ஆபீஸ்ல ஒருத்தரும் லைக் போடல. மலை ஜனங்க நாலு பேரு போட்டாங்க, அதுவே போதும்னு சிரிச்சாரு பாவி மனுசன்.

அப்பல்லாம் போடாம இப்ப என்னாத்துக்குப் போட்டன்னா கேக்கறீங்க? ஆதாரம் கேட்டாங்களேன்னு ரோட்டப் போட்டோ எடுக்க அந்த அடமழையில வண்டிய எடுத்துக்கிட்டு மேல போனாருங்க. ஜல்லியில சறுக்கிப் பள்ளத்துல உழுந்துட்டாரு. மலை ஜனங்கதான் தூக்கியாந்தாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப உசுரு இல்லீங்க.

ஏன் மேடம் பேனாவ மூடிட்டீங்க? எழுதுங்க, உங்க வேலய நீங்க பாக்கணுமில்ல.

காரியத்துக்கு ஆபீஸ்லருந்து ஈ காக்கா வரலீங்க. வாட்ஸ்அப்ல கண்ணீர் அஞ்சலின்னு ஒரு ஸ்டேட்டஸ் வெக்கக்கூடப் பயந்துக்கிட்டாங்க.

அவரு இருந்த வரைக்கும் என்னிய லைக் போட உடலீங்க மேடம். நானு போன எடுத்தாலே வெடுக்குனு புடுங்கிக்குவாரு. என் வேலதான் ஆடுது, உன்னுதாவது நிக்கட்டும்டி, புள்ள சோறு திங்க வேணாமான்னுவாரு. காரியம் முடிஞ்சு சொந்தபந்தமெல்லாம் கெளம்புன பின்னாடி நானு போன எடுத்து அமுக்குனேன். அமுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்புடியே கையில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். புடுங்க ஆளு வரலீங்களே மேடம்.