கருங்கல்லில் ஒரு கிணறு

இந்தக் கதிரை ஆடுகிறது ஐயா. ஒரு மட்டையை மடித்துக் காலுக்குக் கீழே வையுங்கள். பிறகு என் வாக்குமூலத்தை எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை.

பழனியாண்டி ஒட்டுசுட்டானில் கிணறு வெட்டுகிறவன். வெளிநாடு போகவேண்டும் என்று என் காலைப் பிடித்தான். போன வைகாசியில் என் படகில் இரண்டு பேரும் புறப்பட்டோம். பதினேழாம் நாள் எஞ்சின் நின்றது. அதற்கு நான் என்ன செய்ய? நீரோட்டம் எங்களை நடுக்கடலில் ஓர் எரிமலைப் பாறையில் கொண்டுபோய் ஒதுக்கியது. கறுத்த கல். மரமில்லை, மனிதரில்லை, பறவை எச்சம் மட்டும். பாறையில் கயிற்றைக் கட்டினோம். படகில் மிச்சம் ஒரு கலன் தண்ணீர்.

அவன் வாய் ஓயாதவன். எனக்கு அதுவே பெரிய எரிச்சல்.

"அண்ணை, கல்லை உடைச்சால் கீழ தண்ணி நிக்கும். நான் எத்தினை கிணறு வெட்டினனான்!"

எங்கள் வன்னி மண்ணில் அது சரி. கடலுக்குள் நிற்கும் எரிமலைக் கல்லில் என்ன தண்ணீர்? விசரன். நான் மறுக்கவில்லை. "ஓம், இறங்கிப் பார்" என்று படகில் கிடந்த இரும்பு அலவாங்கை நானே எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் இடித்தான். நான் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். அது கிளம்பியது. ஒரு கலன் ஒருவனுக்குத்தான் போதும். கயிற்றை வெட்டினேன்.

அங்கிருந்து புறப்பட்ட மூன்றாம் நாள் ஒரு கப்பல் என்னை ஏற்றியது. வேறு ஆட்கள் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஊருக்கு வந்து அவன் மனைவி ராஜினியிடம், அவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய்ச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கறி நல்ல ருசி. பாறையில் இரண்டு நாள் நின்றதை, நான் கையோடு கொண்டுவந்த ஜிபிஎஸ் உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது, சனியன்.

ஒன்றை மட்டும் அது காட்டாது. கயிற்றை வெட்டிச் சிறிது தூரம் வந்ததும் அவன் கத்தினான்.

"அண்ணை! தண்ணி வந்திட்டுது! கலனைக் கொண்டு வாங்கோ!"

இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக் காட்டினான். பழைய மழைத் தண்ணீர் கல்லுக்குள் தேங்கியிருக்க வேண்டும். நான் எஞ்சினைச் சோதித்துப் பார்ப்பதாக நினைத்திருப்பான். திரும்பியிருக்கலாம். ஆனால் வெட்டிய கயிறு பாறையில் தொங்கியது. அதைக் கண்டால் சும்மா இருப்பானா? ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பான். வேகத்தைக் கூட்டினேன்.

கொலை என்று எழுதாதீர்கள் ஐயா. தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் அவனை விட்டுவிட்டு வந்தேன்.