அவர் உதட்டுக்கு நான் எடுத்துக் கொடுத்தது

டிரம்பெட்டில் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைத் தேர்ந்தெடுப்பது செருப்பு வாங்குவது மாதிரிதான், அண்ணி. கடைக்குள் நாலடி நடந்து பார்க்கும்போது எல்லாம் சுகமாகவே இருக்கும். கடிப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஹமாமட்சுவின் வாத்தியக் கடையில் இத்தனை வருஷம் நின்றவள் நான். டிரம்பெட்காரர் உதட்டைப் பார்த்தாலே போதும், எந்த விளிம்பு பொருந்தும் என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் தம்பிக்கும் நானேதான் எடுத்துக் கொடுத்தேன். கனமான வெள்ளி முலாம், உள்ளே ஒரு கீறல் இல்லாத கடைசல். எங்கள் கடையில் அதைவிட உயர்ந்த சரக்கு கிடையாது.

சப்போரோவில் ஒரு பெரிய இசைக்குழுவின் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்த சமயம் அது. கியோசாக் கொழுக்கட்டையைச் சாஸில் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

"கெடச்சா நான் மட்டும் முதல்ல போறேன், சிஹாரு. நீ அப்புறமா வா."

"அப்புறம்னா எப்போ?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

வடக்கின் பனிக்கென்று கம்பளிக் கோட்டுகூட வாங்கியாகிவிட்டது. ஒரே ஒரு கோட்டு. எனக்கு அவரை விட்டால் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அவருடையது தடித்த உதடு. அகலமான, உருண்ட விளிம்புதான் சரி. நான் எடுத்தது குறுகலானது. உள்விளிம்பு கூர், குழிவும் ஆழமில்லை. அப்படிப்பட்டதில் மேல் சுரங்கள் சுலபமாக ஏறும். ஊதிப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இத்தனை நாளா இதை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?"

"உங்களுக்குத் தகுதி வரட்டும்னு காத்திருந்தேன்" என்றேன்.

சில நாட்களில் உதட்டில் சிவப்பாக வட்டம் விழுந்தது. "எரியுதுடி. பழசுக்கே போயிடறேன்" என்றார்.

"புதுசுன்னா பழகத்தான் வேணும். சப்போரோவுக்குப் போயும் எரியுதுன்னு அழுவீங்களா?"

வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி வாயில் வைத்தார்.

புருஷன் வலியில் துடிப்பதை எந்த மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள்? பல் வைத்தியர்கள் ஊசி போடுமுன் தடவுகிற மரத்துப்போக வைக்கும் மருந்து இருக்கிறதே, அதை அவருடைய உதட்டுக் களிம்பில் கொஞ்சம் கலந்து வைத்தேன். புதினாவின் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் வலிக்கிறதென்று சொல்லவே இல்லை. பொழுது போவது தெரியாமல் ஊதினார். வலித்திருந்தால் நிறுத்தியிருப்பார். அது எனக்குத் தெரியும்.

தேர்வில் உச்ச சுரத்தைப் பிடித்தபோது உதட்டுக்குள் தசை கிழிந்தது. தைத்தார்கள். இனி வாத்தியம் தொட முடியாது என்றார்கள். அளவுக்கு மீறின பயிற்சி என்று டாக்டர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். நேற்று நீங்கள் அந்தக் களிம்பை எடுத்துத் தடவிவிட்டு, "என்னது, எனக்கு உதடே இல்லாத மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

மீசோ சூப் குடிக்கும்போது வாயோரம் வழியும், நான் துடைத்துவிடுகிறேன். அவர் பேசுவது பிறருக்குப் புரிவதில்லை, எனக்குப் புரிகிறது. இன்று காலையில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் என் கதி என்ன என்று அழுதார்.

நீங்களே சொல்லுங்கள், அண்ணி. சப்போரோவில் இவரை யார் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?