வருஷம் பிறக்காத கம்ப்யூட்டர்

— அதுக்காக அந்த நாயை நாலு மாசக் குட்டின்னு அச்சடிச்சுக் குடுப்பீங்களா மேடம்? பல்லெல்லாம் கொட்டிப்போய் வாசல்ல படுத்திருக்கு.

— நான் எங்க அடிச்சேன்? உங்க கம்ப்யூட்டர் அடிக்குது. சீட்டைப் பார்த்துட்டு டாக்டர், 'குட்டி எங்கே, இது தாத்தாவாச்சே'ன்னு கிண்டல் பண்றார்.

— ஆஸ்பத்திரி உங்களோடது, கம்ப்யூட்டர் மட்டும் என்னோடதா?

— மெக்கானிக் சார், ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதைக் கொண்டுவந்து வெச்சது யாரு?

— வெச்சேன். அந்த வருஷக் கடைசியிலேயே இதை ஓட்டற ஓ.எஸ். கிழடாயிடுச்சு, வர்ற ஜனவரியிலேருந்து எங்க டேட்டாபேஸ் இதுல ஓடாதுன்னு கம்பெனிக்காரன் கைவிரிச்சான். புது மெஷினான்னு உங்க டாக்டரும் கைவிரிச்சார். நான் என்ன பண்ணுவேன், கம்ப்யூட்டர் தேதியை ஒரு வருஷம் பின்னால தள்ளினேன்.

— ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாம் தேதியும் வந்து தள்ளினீங்க. ஊருக்கெல்லாம் புது வருஷம், இதுக்கு மட்டும் அதே பழைய வருஷம். அதான் வாசல்ல படுத்திருக்கிற நம்ம நாய் கரடிக்கு ஒரே நாள்ல ஒன்பது வெறிநாய் ஊசி போட்டதா காட்டுது.

— கரடியை வளர்க்கிற ஐயா சண்டைக்கு வரலையா?

— அவரா? சீட்டையெல்லாம் பத்திரமா வெச்சிருக்கார். 'என் பிள்ளைக்கு வயசே ஆகல'ன்னு தெருவெல்லாம் காட்டறார்.

— பாவம், அவர் சந்தோஷத்துல மண். இன்னிக்கு இந்தப் புது மெஷினை மாட்டிட்டா வருஷம் தானா மாறிடும். எனக்கும் இங்க ஜோலி முடிஞ்சுது.

— அப்போ ஜனவரி ஒண்ணு?

— எதுக்கு வரணும்? நீங்களும் லீவு நாள்ல புதுச் சேலை கட்டிக்கிட்டு சாவியோட வந்து உக்கார வேணாம்.

— ஓ. சேலையெல்லாம் கண்ணுல பட்டிருக்கு.

— ஒன்பது சேலையும்.

— சரி, அரை மணி நேரமா ஒரே ஸ்க்ரூவைத் திருகறீங்களே, என்ன?

— துரு மேடம். அசையவே மாட்டேங்குது.

— அது புது மெஷினோட ஸ்க்ரூ சார்.

— ...மாட்டிக்கிட்டேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு. பழசை வெச்ச அன்னிக்கு, இதே மேஜைகிட்ட, அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?

— தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அடுத்த வருஷம் கேளுங்கன்னு சொன்னேன்.

— 'முடியாது'ன்றதைத்தான் மரியாதையா சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம் வாயைத் திறக்கவே இல்ல.

— தங்கச்சி பையன் பள்ளிக்கூடம் போறான். பட்டனை அழுத்துங்க.

— இதுக்கு ஒரு பதில்...

— முதல்ல அழுத்துங்க சார்.

— அழுத்திட்டேன். வருது... ஆங், நாய் பூனை எல்லாம் பத்திரமா வந்துடுச்சு. கரடிக்கு ஒன்பது வயசு. நாள், மாசம் சரி. வருஷமும் சரி.

— ஒன்பது தடவை உங்க கையாலேயே பின்னால தள்ளினீங்க. இதோ, அடுத்த வருஷம் வந்துடுச்சு. கேளுங்க.