மணி அடிச்சா வெளிய வரணும்

கேக்குதுக்கா, கேக்குது. கரை ஒடஞ்சி கடல்தண்ணி உள்ள வருது, எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்கன்னு மைக்குல கத்துனீங்கள்ல, அப்பவே கேட்டேன். நீங்க மத்த வீடுங்களப் பாருங்க. நான் பின்னாடி வர்றேன்லா.

பக்கத்து வீட்டு நல்லசாமி அண்ணன் குடும்பம் காலையிலயே கெளம்பிட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க, நான்தான் வீட்டுக்காரரு வந்துரட்டும்னு சொல்லிட்டேன். லோரி ஓட்டுறாரு, கிள்ளான் போயிருக்காரு.

கைப்போனா? அது ரிப்பேருக்குப் போயிருக்கு.

இவன் பேரு கோகிலன். இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கான். பாருங்க, நெஞ்சோட சேத்துக் கட்டி வச்சிருக்கேன், ரெண்டு கையும் காலியா இருக்கணும்ல. ஒண்ணும் தயார் பண்ணாம உக்காந்திருக்கேன்னு நெனைக்காதீங்க. பால்மாவு, பிளாஸ்க், இவன் பொறந்த சூராட், அதான் பொறப்புப் பத்திரம், என் ஐசி கார்டு, எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல சுத்தி மேசை மேல ஏத்திட்டேன்.

சிரிக்காதீங்கக்கா. நான் கான்வென்ட்ல பிரிஃபெக்ட், மாணவத் தலைவி. பரீட்சை நடந்தாலும் சரி, தீப்பயிற்சின்னு சிஸ்டர் திடீர்னு மணி அடிப்பாங்க. ஓடக்கூடாது, கத்தக்கூடாது, வரிசையாத் திடலுக்குப் போகணும். என் வகுப்புதான் எப்பவும் முதல்ல போய் நிக்கும். ஒருத்தி மயக்கம் போட்டு விழுந்தா, கையப் புடிச்சி இழுத்துக்கிட்டே போயிட்டேன். அப்புறம் பாத்தா நடிச்சிருக்கா, கழுத. அந்தப் பழக்கம் இன்னும் போகல. வீட்டுக்காரரு கத்துறப்பகூட நான் பதறமாட்டேன். எந்தப் பக்கம் திரும்பி நின்னா புள்ளமேல படாதுன்னு...

அத விடுங்க.

இல்லக்கா, விழுந்துட்டேன். பாத்ரூம்ல. கன்னத்துல அதான்.

தோள்ல மாட்டியிருக்கிற இந்தத் துணிப் பைய இன்னிக்குக் கட்டல. தீபாவளிக்கு முந்தியே கட்டி வச்சது. புள்ள வளர வளர உள்ள இருக்கிற சட்டைய மட்டும் மாத்துவேன். தண்ணி வரும்னு அப்ப யாருக்குத் தெரியும்?

உங்க லோரியில ஹார்ன் அடிக்கிறாங்க, உங்களத்தான் போல. போயிராதீங்கக்கா. ஒரு நிமிசம். தண்ணி எனக்குக் கணுக்காலுக்கு வந்திருச்சி. சோபா மெதக்கப் போவுது.

கதவத் தொற, தொறன்னா எப்படிக்கா? தெரியாமலா நிக்கிறேன்? சிஸ்டர் எல்லாத்தையும் சொல்லித்தான் கொடுத்தாங்க. ஆனா அவங்க மணி அடிக்கிறப்ப கதவு தொறந்தே கெடந்துச்சி.

கொஞ்சம் குனிஞ்சி கிரில்ல பாருங்க. உங்க பக்கம்தான் தொங்குது. வேலைக்குப் போறப்ப தெனமும் பூட்டிட்டுத்தான் போவாரு. பின்கதவும் அப்படித்தான். அரிசி டின்னுல ஒரு சாவி ஒளிச்சி வச்சிருந்தேன், போன வாரம் அதுவும் அவரு கையில மாட்டிக்கிச்சி. நல்லசாமி அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? அவரு இவரோட ஒண்ணா உக்காந்து குடிக்கிற ஆளு. உங்கள எனக்குத் தெரியாது பாருங்க, அதான் சொல்ல முடியுது.

உங்க லோரியில பூட்டு வெட்டுற சாமான் இருக்கும்ல?

சரிக்கா. நான் தள்ளி நிக்கிறேன், புள்ள கண்ணுல எதுவும் தெறிச்சிரக் கூடாது. அப்புறம், என்னைய ஸ்கூல்ல எறக்க வேணாம். அங்கதான் முதல்ல தேடுவாரு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் விட்டுருங்க, ரவாங்ல கூடப் படிச்சவ ஒருத்தி இருக்கா.