திங்கட்கிழமை முத்திரை

இந்த ஊர் உப்புக்காற்றில் தேதி முத்திரை இரண்டு வருடத்துக்கு மேல் உழைக்காது. சக்கரத்தில் துரு ஏறிவிடும். பத்தொன்பதைத் திருப்பினால் இருபதுக்கு வராமல் நடுவழியில் நின்றுகொள்ளும். நான் வாரம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து வைப்பேன். அதனால் என் மேசையில் இருக்கும் முத்திரை ஒரு நாளும் சிக்கியதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் பெயர் அனுசியா. வணிகவியல் துறையில் இருபத்தாறு வருடம். கடைசி ஏழு வருடமாக இந்தக் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். விளையாட்டுத் துறையும் அதற்குள் அடக்கம். அணியில் சேர யாருக்குத் தகுதி, வருகைப் பதிவு போதுமா, மருத்துவச் சான்று உண்டா என்பதெல்லாம் என் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. ஜாய் என்ற மாணவி செப்டம்பரில் ஓட்டப் போட்டியில் விழுந்து இறந்ததை விசாரிக்கும் அதிகாரியாக நீங்கள் மதுரையிலிருந்து வந்திருக்கிறீர்கள். உடற்கல்வி இயக்குநர் பாண்டித்துரையை இடைநீக்கம் செய்தாயிற்று. மூன்று நாள் முன்பு சாட்சியாக நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இன்று நானாகவே வந்தேன். டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பாண்டித்துரை கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு விதி என்றால் வேப்பங்காய், அவ்வளவுதான். அணிக்கு நாற்பது பேர் தேறினால் நாற்பது மருத்துவப் படிவங்களையும் ஒரு கட்டாகக் கட்டி பைக்கில் வைத்து, கூடவே ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போவார். டாக்டர் மக்ரூனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாற்பதிலும் கையெழுத்துப் போடுவார். பிள்ளைகள் ஒருவரும் அந்தப் படி ஏறியது கிடையாது. ‘ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா’ என்ற கேள்விக்கு நாற்பது பேரும் இல்லை என்று ஒரே பேனாவில் பதில் சொல்லியிருப்பார்கள். கபடி ஆடுகிறவன், ஓடுகிறவள், உட்கார்ந்து செஸ் ஆடுகிறவன் எல்லோருக்கும் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு.

இதைப் பற்றி ஏழு வருடத்தில் பதினொரு சுற்றறிக்கை அனுப்பினேன். கல்லூரி முதல்வர் ஒவ்வொன்றிலும் ‘பார்த்தேன்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பாண்டித்துரை அதன் பின்பக்கத்தில் அணிப் பட்டியல் எழுதி மைதானத்தில் ஒட்டுவார். ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். “மேடம், உங்க பேப்பர் நல்ல கனமா இருக்கு. மழைக்கும் கிழியமாட்டுக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, அதை ஒளிப்பதற்கில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஒரு உறுதிமொழி சொல்ல வைப்பேன். நான் எழுதியது. ‘பொய் சொல்லமாட்டேன், பொய்க்குத் துணை போகமாட்டேன், என்னைப் பற்றிய உண்மையை ஒளிக்கமாட்டேன்.’ ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் கொட்டாவியோடு சொல்லுவார்கள். பின்வரிசைப் பையன்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். நான் சொன்னதைக் காதில் வாங்கிய ஒரே பிள்ளை ஜாய் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவள் மணப்பாட்டுக்காரி. இரண்டாம் ஆண்டு வரலாறு. அப்பா ரோச் கடலுக்குப் போகிறவர். ஒல்லியான பிள்ளை, நடக்கும்போதே ஓடுவதுபோல் இருக்கும். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு என் அறைக்கு வந்தாள். மறுநாள் காலை கல்லூரிகளுக்கு இடையிலான ஓட்டம்.

“மிஸ், தனியா ஒண்ணு சொல்லணும்,” என்று கோடு போட்ட தாளில் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நீட்டினாள்.

அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஓடும்போது இரண்டு தடவை கண் இருட்டி விழுந்திருக்கிறாள். சாப்பிடவில்லை என்று பாண்டித்துரையிடம் சொல்லியிருக்கிறாள், அது பொய். அவளுடைய சித்தப்பா இருபத்தாறு வயதில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். குடும்பத்தில் எல்லோரும் இருதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், யாரும் பார்க்கவில்லை. டாக்டர் அவளைப் பார்க்காமலே படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை உறுதிமொழி சொல்லிவிட்டு மற்ற நாளெல்லாம் ஒளிப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று முடித்திருந்தாள்.

“நாளைக்கு ஓடலாமா மிஸ்? நீங்க வேண்டாம்னா ஓடலே. சார்ட்ட நானே சொல்லிருதேன்.”

ஒன்பதாம் விதி என்று ஒன்று உண்டு. அதுவும் நான் எழுதியதுதான். மாணவர் தம் உடற்குறையைத் தாமே தெரிவித்தால், கடிதம் கிடைத்த அன்றே அவரைப் போட்டியிலிருந்து நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஏழு வருடத்தில் அதைத் தேடி வந்த முதல் ஆள் அவள். நான் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு யோசித்தேன். அவளை நிறுத்தினால் என்ன ஆகும்? பாண்டித்துரை இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதுவார். ஒரு கடிதம் கோப்புக்குள் போகும். முதல்வர் ‘பார்த்தேன்’ என்று எழுதுவார். அடுத்த வருடமும் பைக், மக்ரூன், எழுபத்திரண்டு. ஒருத்தியைக் காப்பாற்றியதாக இருக்கும். மற்ற முப்பத்தொன்பது பேருக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டேன். நிதானமாகத்தான் யோசித்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

முத்திரையை எடுத்து மூன்று தடவை திருப்பினேன். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. கடிதத்தில் ஒன்று, ஒப்புகைச் சீட்டில் ஒன்று அடித்தேன். கடிதத்தில் ஒரு தேதி, சீட்டில் வேறு தேதி என்றால் ஆவணம் நிற்காது.

சீட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். “மிஸ், இருபத்திரெண்டுன்னு விழுந்திருக்கே?”

“உப்புக்காத்துல சக்கரம் சிக்கிக்கிட்டு. லெட்டர் திங்கட்கிழமைதான் பதிவுக்கு வரும். அதுவரைக்கும் உன் படிவம்தான் செல்லும். படிவம் சரியா இருக்கு. நீ ஓடு.”

“சரி மிஸ்,” என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, “சொன்னதுக்கப்புறம் லேசா இருக்கு மிஸ்,” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு முத்தையாபுரம் தாண்டி உப்பளச் சாலையில் ஓட்டம். நான் சரிபார்ப்புப் பட்டியலோடு ஆறு மணிக்கே போய்விட்டேன். தண்ணீர் உண்டு. முதலுதவிப் பெட்டி உண்டு. ஆம்புலன்ஸ் இல்லை.

“வந்துக்கிட்டே இருக்கு மேடம், வந்துரும்,” என்றார் பாண்டித்துரை. பொய். சொல்லவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் கைப்பையில் போன் இருந்தது, நூற்றெட்டைக் கூப்பிட அரை நிமிடம் போதும். ஆனால் கூப்பிட்டு வண்டி வந்து நின்றுவிட்டால் பட்டியலில் ‘உண்டு’ என்று அல்லவா எழுத வேண்டும்? நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் வேலை. ‘இல்லை’ என்று எழுதி நேரம் போட்டேன். சாலையை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

பெண்களுக்குப் பத்து கிலோமீட்டர். நான் திருப்பத்தில் நின்றேன். ஜாய் மூன்றாவதாக வந்தாள். என்னைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினாள். முகத்தில் ஒரு களைப்பும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நீங்கள் அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளலாம், அதுதான் சரியான சொல்.

அவள் விழுந்தது ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு. குறித்துக்கொண்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்து தண்ணீர் தெளித்தார்கள். ஒருத்தி “ஏளா, கண்ணத் தொற, ஏளா” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பாண்டித்துரை மண்டியிட்டு நெஞ்சை அமுக்கினார். சரியாகத்தான் அமுக்கினார். என் ஏழாவது சுற்றறிக்கையின்படி அவரை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பியது நான்தான். கடைசியில் உப்பு ஏற்றும் லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மயங்கி விழுவாள் என்றுதான் நினைத்தேன். எல்லோர் முன்னாலும் ஒரு தடவை விழுந்தால் போதும், பிறகு யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சித்தப்பா இறந்ததைப் படித்திருந்தேனே என்று நீங்கள் கேட்கலாம். படித்திருந்தேன். இரண்டு தடவை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டாக்டர் மேல் வழக்கு. பல்கலைக்கழகம் என் பதினொரு சுற்றறிக்கைகளையும் சேர்த்து ஒரே ஆணையாக எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பியது. இப்போது பிள்ளைகள் நேரில் போய் ஈசிஜி எடுக்கிறார்கள். படிவங்களைப் போன வாரம் பார்த்தேன். அறுபத்தெட்டு, எண்பத்தொன்று, ஐம்பத்தொன்பது, எழுபத்துநான்கு. ஒன்று போல் ஒன்று இல்லை. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டு பேருக்கு இருதயத்தில் கோளாறு கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரின் பெற்றோர் என்னைப் பார்க்க வந்தார்கள்.

நேற்று ரோச்சும் வந்தார்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒப்புகைச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓட்ட ஷூ வைக்கும் பைக்குள் இருந்ததாம்.

“எனக்கு எழுத்துக்கூட்டித்தாம்மா வாசிக்கத் தெரியும். இருபத்திரெண்டுன்னு போட்டிருக்கு. நாங்க இருபத்தொண்ணாந்தேதியே அடக்கம் பண்ணிட்டோமே. பிள்ள எப்பம்மா வந்து குடுத்தா?”

நான் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“சண்டைக்கு வரலம்மா. காலேஜ்ல மாத்திப் போட்டிருப்பாங்க, இருக்கட்டும். அவ என்ன எழுதுனான்னு ஒருக்கா வாசிச்சுக் காட்டுனாப் போதும்.”

என்னிடமிருந்த நகலை எடுத்து வாசித்துக் காட்டினேன். இறந்துபோன தன் தம்பியைப் பற்றி வந்த இடத்தில் கையைக் காட்டினார், நிறுத்தினேன். பிறகு தலையாட்டினார், தொடர்ந்தேன். முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு வார்த்த யாருகிட்டயும் சொல்லாமப் போயிட்டாளேன்னு அவ அம்மை தினமும் கெடந்து புலம்புதா. சொல்லிட்டுத்தான் போயிருக்கா. போய்ச் சொல்லுதேன்மா. நீங்க நல்லா இருக்கணும்.”

யாரிடம் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பஸ் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு மனிதர் என் ஆவணத்தில் பிழை கண்டுபிடித்துவிட்டார். ஏழு வருடத்தில் யாரும் கண்டதில்லை.

ஆகவே, திருத்தம் இது. கடிதம் திங்கட்கிழமை காலை புகார்ப் பெட்டியில் கிடைத்தது என்று உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. வெள்ளிக்கிழமை மூன்று இருபதுக்கு அவள் கையாலேயே என்னிடம் கொடுத்தாள். ஓடலாமா என்று கேட்கத்தான் வந்தாள். எல்லாம் தெரிந்துதான் நான் அவளை ஓடச் சொன்னேன். முத்திரை சிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு யாரும் சொல்லவில்லை என்பதும் தெரியும், நானும் சொல்லவில்லை. பாண்டித்துரையிடம் அவள் நிஜக் காரணத்தை மறைத்துவிட்டாள், அவருக்கு அது தெரியாது. அவர் பங்குக்கு மக்ரூனும் வராத ஆம்புலன்ஸும்தான்.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லி முடிக்கவில்லை. கடித வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், பக்கம் நூற்றுப் பதினேழு. தவறான தேதியைச் சிவப்பு மையால் அடித்து, சரியான தேதியை மேலே எழுதி, பக்கத்தில் மேலதிகாரி சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது நான்காம் விதி. அடித்து எழுதிவிட்டேன். பேனா இதோ. நீங்கள் ஒப்பமிட்டுவிட்டால், என் பதிவேட்டில் பொய் என்று ஒன்றுமே இருக்காது.