பூட்ஸ் போட்ட கால்கள்

பதுளைக்கு ரயில் வந்த புதுசு. தெமோதரையில் ஏறிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, என் பக்கத்தில் இருந்த பதுளைச் செருப்புக்கடை முதலாளியைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்.

“முதலாளி, நம்ம காலேஜு தோக்குறதுக்கு நீங்கதான் காரணம்!”

“நான் பந்தைத் தொட்டதே இல்லீங்களே?”

“பூட்ஸ் வித்தீங்கல்ல? வெறுங்கால்ல மலை ஏறி எறங்குன பயலுக. புது மாஸ்டர் வந்து பூட்ஸ் போட வச்சாரு. அதுலேருந்து ஒரு மேட்ச் ஜெயிக்கல. என் மகன் பந்தை விட்டுட்டுத் தரையை ஒதைக்கிறான்.”

“கழட்டச் சொல்லுங்க.”

“மாஸ்டர் விட மாட்டாரு. சனிக்கெழம கடைசி மேட்ச். பண்டாரவளைப் பயலுக வெறுங்கால்ல வந்து மானத்தை வாங்கப் போறானுக.”

முதலாளி நிதானமாக வெற்றிலையை மடித்தார்.

“கவலைப்படாதீங்க. அவங்களுக்கும் பூட்ஸ் வித்துட்டுத்தான் வர்றேன்.”